வரும்போதே உயிர் இல்லை

படத்திலிருந்த பெண்ணின் வயிறு நேற்றைவிடச் சற்று உப்பியிருந்தது. டாக்டர் கதிரவேலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஸ்லைடில் பதிந்த படம் எப்படி உப்பும்? ஈப்போவில் ஒரு வாரமாக மழை விட்டபாடில்லை, மூன்று நாளாகத் தூக்கமும் இல்லை, கண் எதைத்தான் ஒழுங்காகப் பார்க்கும் என்று தன்னையே அதட்டிக்கொண்டார்.

பிற்பகல் இரண்டு மணி. ஆஸ்பத்திரியின் விரிவுரை அறையில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு ஆறு பயிற்சி டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். டெட்டால் வாடையும், நனைந்த தோல் சப்பாத்து வாடையும், புரொஜெக்டர் சூட்டில் தூசி கருகும் வாடையும் ஒன்றாகக் கலந்து, மின்விசிறி எவ்வளவு சுற்றியும் வெளியேறாமல் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"கருப்பம்மாள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். சிம்பாங் பூலாய் சாலையில் லாரி மோதியது. கொண்டுவரும்போதே உயிர் இல்லை."

ஆறு மாதமாகச் சொல்லிப் பழகிய பொய் கூசாமல் வந்தது. விபத்தில் ரத்தம் இழந்தவர்களை உடனே அறுக்காமல், உப்புநீரை வேகமாக ஏற்றிக் காத்திருக்கலாம் என்பது அவருடைய ஆராய்ச்சி. முப்பத்தொன்பது பேர் பிழைத்தார்கள். நாற்பதாவதாக வந்த கருப்பம்மாளுக்கு மூச்சு இருந்தது. இந்தப் படத்தையும் அப்போதுதான் எடுத்தார். ஐம்பது நிமிடம் காத்திருந்தார், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் பெருகி அவள் செத்துப்போனாள். வரும்போதே இறந்தவர்களை ஆராய்ச்சியில் சேர்ப்பதில்லை. ஒரே ஒரு வரியை மாற்றி எழுதினார். கூட இருந்த நர்ஸ் சித்தியவான் ஊருக்கு மாற்றலாகிப் போனாள். கோலாலம்பூர் மாநாட்டில் கைதட்டினார்கள்.

அவள் புருஷன் ஐயாவுதான் விடவில்லை. வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து வராந்தாவில் நிற்பான். இன்று வகுப்புக்கு வரும் வழியிலும் நின்றான், எலும்பும் தோலுமாக.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போக மருந்து குடுக்கிற டிரெசரோட சீட்டு வேணும்னு தோட்டத்து மருந்துக்கடையில அரை மணி நேரம் நின்னுட்டேன். சீட்டு வாங்காம தூக்கியாந்திருந்தா பொழச்சிருப்பாளாங்க? நாந்தான் கொன்னுட்டேனா?"

"வீட்டுக்குப் போ, ஐயாவு."

"சோறு எறங்கலீங்க. அத மட்டும் சொல்லிருங்க, போயிர்றேன்."

சொன்னால் பேரும் பதவியும் போகும். சொல்லாவிட்டால் இந்த மனிதன் இன்னும் ஒரு மாதம் தாங்கமாட்டான். இரண்டும் டாக்டருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் அவனைத் தாண்டிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார்.

"சார்..." முன்வரிசையிலிருந்த நவமணி எழுந்துவிட்டாள். "நெஞ்சு அசையுது சார்."

"புரொஜெக்டர் ஆடுதுலா, உட்காரு" என்றான் பக்கத்திலிருந்த ஜெயபாலன். சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தவன் தானும் எழுந்துவிட்டான்.

போர்வையின் மடிப்பு எழுந்தது. தாழ்ந்தது. மறுபடி எழுந்தது.

நவமணி கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். அவர் கற்றுக்கொடுத்த பழக்கம்தான். "நிமிஷத்துக்கு முப்பத்தாறு, சார்."

டாக்டரின் கை புரொஜெக்டர் சுவிட்சுக்குப் போய் அப்படியே நின்றது. விளக்கை அணைத்தால்? மூச்சும் அணைந்துவிட்டால்? அணைக்காவிட்டாலும் நேரமில்லை. ஸ்லைடு சூட்டில் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருந்தது. மழைச் சத்தத்துக்கு அடியில் ஒரு முனகல். அந்த முனகல் அவருக்குத் தெரியும். ஐம்பது நிமிடம் கேட்ட முனகல்.

"ஐயாவு!" தன் குரலா இது என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. "உள்ளே வா! உன் மேல் குற்றமில்லை. உயிரோடுதான் வந்தாள். நான்தான் அறுக்காமல் விட்டேன். பொய் எழுதினேன்."

ஐயாவு வாசலில் நின்றான். டாக்டரைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தான்.

"இன்னும் உசிரு இருக்குங்களே" என்றான். "காப்பாத்துங்கய்யா."

"இருபத்திரண்டு, சார்" என்றாள் நவமணி. அழுதுகொண்டே எண்ணினாள்.

பாடத்துக்கு வைத்திருந்த தட்டிலிருந்து கத்தியை எடுத்தார். திரையை நெருங்கினார். திரையில், உப்பிய வயிற்றில், மேலிருந்து கீழாக ஒரே கீறல்.

துணி கிழியும் சத்தம் கேட்கவில்லை.

சூடாக ரத்தம் மணிக்கட்டில் கொட்டியது. சட்டையில். சப்பாத்தில். திரைக்குப் பின்னால் செங்கல் சுவர் இருக்கவேண்டும். இல்லை. முழங்கைவரை கைகள் உள்ளே போயின. வழவழப்பு. வெதுவெதுப்பு. தேடினார். ரத்தக்குழாய். பிடித்துவிட்டார். இரண்டு விரல்களுக்கு நடுவில். இறுக்கினார்.

"பதினாறு."

"விட்டுறாதீங்கய்யா!"

ஸ்லைடு கொப்புளித்தது. நடுவில் ஓட்டை விழுந்தது. வெள்ளை வெளிச்சம் அவள் நெற்றியைத் தின்றது. கண்களை. வாயை. வயிற்றையும். வெறும் வெள்ளைத் துணி, அதில் ஒரு கீறல், அதற்குள் டாக்டரின் இரண்டு கைகள்.

நவமணி எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

அவர் விரல்களுக்குள் நாடி அடித்துக்கொண்டே இருந்தது.