மௌனிப் பிள்ளை

ஒன்பதாம் வகுப்பில் முன்வரிசை பெஞ்சுகள் மட்டும் குட்டையாக இருக்கும். அவை மௌனிப் பிள்ளைகளுக்கானவை. எல்லாப் பள்ளிகளிலும் இப்போது அப்படித்தான். மகிழினிக்குப் பதினான்கு வயது. உயரம் மட்டும் ஏழு வயதோடு நின்றுவிட்டது.

அந்த வயதில்தான் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எலும்பு மஜ்ஜையில் செல்கள் ஒன்றுக்கொன்று வேதிப்பொருளால் பேசிக்கொள்ளும். 'வளர்' என்ற சேதி பக்கத்துச் செல்லிடமிருந்து வந்தால்தான் நோய்ச் செல் பெருகும். அந்தச் சேதியை வழியிலேயே பிடித்து அழிக்கிற, அரிசியளவுக் கருவிதான் மௌனி. இடுப்பெலும்பில் பதித்தார்கள், நோய் அடங்கியது. ஆனால் பிள்ளையின் எலும்பும் அதே சேதியைக் கேட்டுத்தான் வளர வேண்டியிருந்தது.

அம்மா செண்பகவல்லிக்குக் கயத்தாறு காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வேலை. விசாரிப்பவர்களிடமெல்லாம், "உசுரோட இருக்கால்லா, அது போதும்" என்பாள்.

ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் மகிழினியின் தங்கை நறுமுகையிடம், "கூட்டமா இருக்கு, தங்கச்சியக் கையில பிடிச்சுக்கோம்மா" என்றார். வீடு திரும்பியதும் மகிழினி அம்மாவின் முன்னால் வந்து நின்றாள்.

"மௌனிய நிறுத்தச் சொல்லும்மா."

"என்னட்டி பேசுத?"

"நான் காலேஜுக்கும் இப்படியேதான் போகணுமா? நோய் இன்னும் இருக்கான்னு ஒரு தடவை பார்த்துரலாம்."

செண்பகவல்லி அவளை அதட்டினாள், கெஞ்சினாள், கடைசியில் டாக்டர் இன்னாசியிடம் அழைத்துப் போனாள்.

"அப்போ நோய் ஒழியலையா டாக்டர்?"

"தெரியலம்மா. அது காதைப் பொத்தி வெச்சிருக்கோம், அவ்வளவுதான். உள்ளே செத்துப்போச்சா, தூங்குதான்னு நிறுத்திப் பார்த்தாத்தான் தெரியும்."

"உங்க பிள்ளையா இருந்தா என்ன செய்வீங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நானும் இன்னொரு டாக்டர்கிட்ட போய் இதையேதான் கேட்டிருப்பேன்."

நிறுத்தினார்கள். வாரந்தோறும் ஒரு சொட்டு ரத்தம் வீட்டிலிருந்த குருதிமானியில் விழுந்தது; வாரந்தோறும் பச்சை எரிந்தது. செண்பகவல்லி மெல்ல மெல்ல மூச்சுவிடப் பழகினாள். மகளுக்குப் பசி கூடியிருந்தது. தட்டு நிறையச் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஒரு காலையில் சிவப்பு எரிந்தது.

செண்பகவல்லி அதை மகள் கண்ணில் படாமல் மறைத்துவிட்டு, அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"உடனே மௌனிய ஓட விடணும்மா."

"திரும்ப எப்போ நிறுத்தலாம்?"

"இனி நிறுத்தவே கூடாது."

கதவு படாரென்று திறந்தது. ஒற்றைச் செருப்போடு நொண்டி நொண்டி ஓடி வந்தாள் மகிழினி.

"அம்மா, செருப்பு கடிக்குது! கால் வளந்திருக்கும்மா, இங்க பாரேன்!"

செண்பகவல்லி குனிந்து அந்தக் காலைக் கையில் ஏந்தினாள். உண்மைதான். பெருவிரல் செருப்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஆமாட்டி," என்றாள். "வளந்திருக்கு."

"இன்னைக்கே புதுசு வாங்கணும். ஒரு சைஸ் பெருசா."

அம்மா காலை விடவில்லை. இன்னொரு கையிலிருந்த போனில் டாக்டர், "எப்போ கூட்டிட்டு வர்றீங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.