சிவப்பிலை அம்மன்

தோல்மண்டித் தெருவில் எல்லார் வீட்டு மரமும் பச்சையாகிவிட்டது. மலர்க்கொடி வீட்டு மரம் மட்டும் சிவப்பாகவே நின்றது.

அந்த மரத்துக்கு உலோகமுண்ணி என்று பெயர். மண்ணில் கலந்த உலோகத்தை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துவிடும். உலோகம் இருக்கும்வரை இலை சிவப்பு, தீர்ந்தால் பச்சை. உதிர்ந்த இலைகளை வாரந்தோறும் இலைவண்டி தானாக வந்து பொறுக்கி உலைக்குக் கொண்டுபோகும். எப்போதோ மூடிப்போன தோல் ஆலை விட்டுச்சென்ற குரோமியத்தை ஊர் இப்படித்தான் கழுவிக்கொண்டிருந்தது. சட்டமும் மரத்தைப் பார்த்தே பேசியது: சிவப்பிலை நிற்கும் வீட்டில் சிறுபிள்ளைகள் இருக்கக் கூடாது. அதனால் மலர்க்கொடியின் நான்கு வயது மகள் நிறைமதி, அரக்கோணத்தில் அத்தை ரேணுகா வீட்டில் வளர்ந்தாள்.

பெற்ற மனம் சும்மா இருக்குமா? ஒரு வெள்ளிக்கிழமை மலர்க்கொடி மரத்துக்கு மஞ்சள் துணி கட்டி, அடிமரத்தில் குங்குமம் அப்பி, குடம் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள்.

"தாயே, பச்சையாயிடு. எம் பொண்ண கூட்டாந்து உன் காலடியில விடறேன்."

வெள்ளிதோறும் இப்படியே கும்பிட்டாள். மரம் இன்னும் சிவந்தது. சிவக்கச் சிவக்க, தெருப் பெண்களுக்கு அதில் அம்மன் குடிவந்ததாகத் தோன்றியது. தங்கள் வீட்டுப் பச்சை மரங்களை அவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பொட்டலம் குங்குமம், அதுவும் சந்தையில் விற்கும் பளீர் சிவப்பு, கொண்டுவந்து கொட்டினார்கள். போகும்போது பிரசாதமாக ஒரு பிடி அள்ளிக்கொண்டார்கள்.

தெருவில் ஒரே ஒரு மரம் பச்சையாகாமல் அடம்பிடிப்பது மண்காப்பு வாரியத்துக்கே பொறுக்கவில்லை. நூர்ஜஹான் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். அவள் ஓர் இலையைக் கிள்ளி, கையடக்கமான இலைமானியில் வைத்தாள்.

"குரோமியம் துளிகூட இல்லக்கா. அது எப்பவோ தீர்ந்துடுச்சு. இது ஈயம்."

"ஈயமா? அது இங்க ஏது மேடம்?"

நூர்ஜஹானுக்கும் விளங்கவில்லை. மரத்தைச் சுற்றி வந்தவள், அடிமரத்தில் காய்ந்திருந்த குங்குமத்தை நகத்தால் சுரண்டிக் கருவியில் வைத்தாள். இலைமானி கீச்சிட்டது. கும்பிடுகிற பொருளைக் குறைசொல்ல அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

"தப்பா நினைக்காதீங்கக்கா. மஞ்சள்ல செஞ்ச குங்குமம்னா ஒண்ணும் பண்ணாது. இதுல நிறத்துக்காக ஈயத்தைக் கலந்திருக்காங்க. நீங்க கொட்டக் கொட்ட மரம் தின்னுக்கிட்டே இருக்கு. நிறுத்திட்டா கொஞ்ச நாள்ல பச்சையாயிடும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். மலர்க்கொடிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

"போவட்டும் மேடம், பொறுத்துக்கறேன். எம் பொண்ணாவது இந்த வெஷம் படாத எடத்துல கீறா."

சொல்லிக்கொண்டே நெற்றியைத் துடைத்தாள். விரல் சிவந்தது. அந்த விரலைப் பார்த்தவள் அவசரமாகக் கைபேசியை எடுத்தாள்.

"ரேணுகா, பாப்பா இன்னா பண்றா?"

"இப்பத்தான் குளிச்சா அண்ணி. ஏன், குரல் ஒரு மாதிரி கீது?"

"மரத்தடிக் குங்குமம் குடுத்தனுப்பினேனே..."

"அத மறப்பேனா? நீங்க சொன்ன மாதிரி தெனமும் வெக்கிறேன். இவ எங்க சும்மா கீறா? வெச்சவொடனே தொட்டுத் தொட்டு வாயில வெச்சிக்கிறா."

மலர்க்கொடி அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு நூர்ஜஹான் காதிலும் விழுந்திருந்தது. அவள் குனிந்து மலர்க்கொடியின் தோளைப் பிடித்தாள்.

"பயப்படாதீங்கக்கா, வைத்தியம் இருக்கு. ஆஸ்பத்திரியில ரத்தம் பார்க்கணும். குழந்தையை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

குழந்தையைக் கூட்டி வா என்று யாராவது சொல்லமாட்டார்களா என்றுதான் மலர்க்கொடி இத்தனை வெள்ளிக்கிழமையும் அந்த மரத்தைக் கும்பிட்டிருந்தாள்.