வட்டிலப்பமும் பூச்சி மாத்திரையும்

வயிற்றுப் பூச்சிக்கு வெட்கம் மானம் கிடையாது. நோன்பு மாதம் என்றும் பார்க்காது. ஏழு வயது ரிஸ்வானுக்கு இது மூன்றாவது முறை. பாவம், அரிப்பில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் நெளிந்தான்.

தேக்கா சந்தைக்குப் பக்கத்து அடுக்குமாடி வீட்டில் உம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"மிட்டாய் தின்னு தின்னுதான் பூச்சி வருது. இனிமே இனிப்பே கிடையாது. பெருநாளைக்கு வட்டிலப்பமும் கிடையாது."

தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் சேர்த்து உம்மா அவிக்கும் வட்டிலப்பத்துக்காக வருடம் முழுவதும் காத்திருப்பவன் ரிஸ்வான். "ராத்தா..." என்று அக்கா யும்னாவின் தோளில் முகம் புதைத்து அழுதேவிட்டான். யும்னாவுக்கு மனசு கேட்கவில்லை.

மேசையில் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைகள் இருந்தன.

"உம்மா, வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல சாப்பிடணும்னு டாக்டர் சொன்னாரே."

"போன தடவையும் அதான் சொன்னாரு. மிட்டாய் தின்னது அவன். நமக்கெதுக்கு மாத்திரை?"

போன தடவை மிச்ச மாத்திரைகள் குப்பைக்குப் போனது யும்னாவுக்கு நினைவிருந்தது.

நோன்பு திறக்கும் நேரம் வந்தது. வாப்பா கஞ்சி குடித்தார். அவருக்குச் சர்க்கரை நோய். இனிப்பைத் தொடவே மாட்டார். தேநீர்கூடச் சீனி போடாத கோசோங்தான்.

அந்த வாப்பா நாற்காலியில் இப்படியும் அப்படியும் நெளிந்தார். அது யும்னாவுக்கு நன்றாகத் தெரிந்த நெளிவு.

"வாப்பா, உங்களுக்கும் அரிக்குதா?"

வாப்பாவுக்குப் புரையேறியது. "சும்மா இரு லா. சாப்பிடும்போது என்ன பேச்சு?" என்றார். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

"உம்மா, வாப்பா மிட்டாய் தின்னே பல வருஷமாச்சு. அப்போ இவருக்கு எப்படிப் பூச்சி வந்துச்சு?"

உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"பூச்சி முட்டை நகத்துக்குள்ள இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. தம்பி சொறிஞ்ச கையால எல்லாத்தையும் தொடுறான். அவன் மட்டும் மாத்திரை சாப்பிட்டா, நம்மகிட்டேருந்து அவனுக்கே திரும்பிப் போகும்," என்றாள் யும்னா.

"உங்களுக்கும் அரிக்குதா உம்மா?" என்று ரிஸ்வான் மெல்லக் கேட்டான்.

உம்மா எழுந்து நான்கு தம்ளர்களில் தண்ணீர் ஊற்றினார்.

அன்றைக்கே நால்வரும் மாத்திரை விழுங்கினார்கள். யும்னா நகவெட்டியோடு வந்து எல்லாருடைய நகத்தையும் ஒட்ட வெட்டினாள். வாப்பாவையும் விடவில்லை. படுக்கை விரிப்புகளெல்லாம் வெந்நீரில் ஊறின. கழிவறைக்குப் போய் வந்தால் சோப்பு, சாப்பிட உட்கார்ந்தால் சோப்பு. டாக்டர் சொன்னபடி இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாத்திரை.

பெருநாள் காலையில் ரிஸ்வான் புதுச் சட்டையில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கழுவிய கைகளை விரித்துக் காட்டினான். உம்மா முதல் கிண்ணம் வட்டிலப்பத்தை அவன் முன்னால் வைத்தார். அடுத்த கிண்ணம் யும்னாவுக்கு. அதில் துண்டு கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

வாப்பா ஏக்கத்தோடு எட்டிப் பார்த்தார். "பூச்சிதான் போயிடுச்சே. எனக்கும் ஒரு துண்டு?"

"அது வேற நோய், வாப்பா," என்று கோசோங் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினாள் யும்னா.

அதற்குள் ரிஸ்வான் கிண்ணத்தை வழித்து முடித்து, "ராத்தா, இன்னும் இருக்கா?" என்று நீட்டினான்.