அருவிக்கரையில் அம்மாவின் குரல்

“தண்ணீர்... தண்ணீர்... வரத்து... கூடு... கூடு...”

கம்பத்து ஒலிபெருக்கி திக்கியது. குளித்துக்கொண்டிருந்த பையன்கள் அதைப் போலவே திக்கிக் காட்டிச் சிரித்தார்கள். அறிவிப்பு அறை வாசலில் நின்ற சத்யபிரியா தலையைக் குனிந்துகொண்டாள். அது அவளுடைய அம்மாவின் குரல்.

குற்றாலத்துக்குச் சற்று மேலே, தனியார் தோட்டம் ஒன்றுக்குள் இருக்கிறது அந்தச் சிறிய அருவி. அம்மா அகிலாண்டேஸ்வரி அங்கே அறிவிப்பாளராக இருந்தாள். போன தை மாதம் காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் பதிவு செய்துவைத்த எச்சரிக்கையைத்தான் அறையிலிருந்த பழைய கணினி இன்றும் ஒலிபரப்புகிறது. இப்போது அந்த அறையில் அமர்ந்து அதை இயக்குபவர் அப்பா இசக்கிப்பாண்டி.

மேலாளர் வல்லிநாயகம் குடையை மடக்கியபடி வந்தார்.

“பாண்டி, பதிவு பழசாயிட்டு. வெள்ளம் வரும்போது இப்படித் திக்குனா ஒருத்தனும் கரையேற மாட்டான். திங்கக்கிழமை வேற ஆளை வச்சுப் பேச வச்சிருவோம். தப்பா எடுத்துக்கிடாத.”

“சரிங்க அண்ணாச்சி” என்றார் அப்பா.

வல்லிநாயகம் போனதும் சத்யபிரியா மெல்லச் சொன்னாள்: “அப்பா, நம்ம போன்ல இருக்குத இதே பதிவுல அம்மா திக்கவே இல்லயே. குத்தம் பதிவுல இல்ல.”

“நீ அதைக் கேட்டியா?”

“தெனமும் கேக்கேன்.”

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஒருநாளும் அதைத் திறந்ததில்லை.

சனிக்கிழமை முழுவதும் அவள் நோட்டுப்புத்தகத்தோடு அறையில் உட்கார்ந்திருந்தாள். குரல் எப்போது திக்குகிறது, அப்போது கணினி வேறென்ன செய்கிறது என்று குறித்தாள். அருவியைக் கண்காணிக்கும் கேமராவின் படங்களைக் கணினி நகலெடுக்கும் நேரங்களில் மட்டுமே குரல் திக்கியது.

தென்காசியில் கணினி பழுது பார்க்கும் சனோபர் அக்கா மறுநாள் வந்தாள். நோட்டைப் படித்துப் புருவத்தை உயர்த்தினாள்.

“ஏட்டி, பாதி வேலைய நீயே முடிச்சிட்டியே! கணினிக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. மெமரியில யாருக்கு எவ்வளவு இடம்னு பிரிச்சுக் கொடுக்கது அதுதான். நகலெடுத்த படத்தையெல்லாம், மறுபடி வேணும்னா என்ன செய்யன்னு அங்கனயே வச்சுக்கிடுது. இடம் நெருக்குனதும் அம்மா குரலை ஒலிக்க வைக்குத புரோகிராமை வெளிய தள்ளிருது.”

அவள் அந்தச் சேமிப்பைத் துடைத்தாள். குரல் தெளிந்தது. அரை மணி நேரத்தில் மறுபடியும் திக்கியது.

“தொடச்சாலும் நிறையுது” என்று சனோபர் அக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

சத்யபிரியா வெளியே பார்த்தாள். அருவிப் படிகளின் ஓரத்தில் நீண்ட கைப்பிடிக் கம்பி. இன்னொரு முறை குளிக்க வேண்டுமே என்று ஆட்கள் அதில் துண்டுகளைப் போட்டுவைப்பது வழக்கம். முன்பெல்லாம், பிடித்து ஏற இடமில்லாமல் வயதானவர்கள் வழுக்கி விழுந்தார்கள். ஆகவே வல்லிநாயகம் நடுவில் ஒரு சிவப்புக் கயிறு கட்டி, அதைத் தாண்டித் துண்டு போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

“அக்கா, துண்டை எடுக்க எடுக்கப் போட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. கெர்னலுக்கும் ஒரு கயிறு கட்ட முடியாதா?”

சனோபர் அக்கா அவளையே பார்த்தாள்.

“முடியும்ட்டி! நகலெடுக்குத வேலைக்கு இவ்வளவுதான் மெமரின்னு எல்லை வச்சிரலாம். நான் பாட்டுக்குத் தொடச்சுக்கிட்டே கெடக்கேன் பாரு!”

எல்லை வைத்தாள். நகலெடுப்பு கொஞ்சம் மெதுவானது, ஆனால் நிற்கவில்லை.

மாலையில் மலையுச்சி கறுத்தது. வெள்ளை நீர் செம்மண் நிறமானது. அப்பா பொத்தானை அழுத்தினார்.

“அன்பான மக்களே, தண்ணீர் வரத்து கூடுகிறது. பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறுங்கள்.”

ஓரிடத்திலும் குரல் திக்கவில்லை. பையன்கள் சிரிக்காமல் படியேறினார்கள். வல்லிநாயகம் குடையை விரிக்க மறந்து, நனைந்தபடி நின்றார்.

“பாண்டி, திங்கக்கிழமை யாரும் வர வேண்டாம். அகிலாவே பேசட்டும்.”

அப்பா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதார். பேசியது யார் என்று கரையேறிய கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. சத்யபிரியா படியோரத்தில் தனியே நின்றாள்.

“ஓரத்தில் நிற்பவர்கள் இரண்டடி பின்னால் வாருங்கள்” என்றது குரல்.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, அம்மா சொன்னபடியே இரண்டடி பின்னால் வந்து நின்றாள்.