பேனரில் இருந்த கை

மழை சொல்லிக்கொள்ளாமல் கொட்டியது. பெங்களூரு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், போர்டு எழுதும் ஒரு கடையின் தகரக் கூரைக்கடியில் சக்கர நாற்காலியை விரட்டிக்கொண்டு ஒதுங்கினாள் யூனிஸ்.

நிமிர்ந்தவளுக்குப் பகீரென்றது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊனமுற்றோர் ஊர்வலத்தின் முன்னால் போகவேண்டிய பேனர்... சங்கச் செயலாளர் ஆம்ப்ரோஸ் போனில் ஆர்டர் கொடுத்தது. 'சுயமாக வாழ்வது எங்கள் உரிமை' என்று கன்னடத்தில் கொட்டை எழுத்து. கீழே, சக்கர நாற்காலியில் ஒரு பெண். பின்னாலிருந்து அவளைத் தள்ளும் ஓர் ஆணின் கை!

"இந்தக் கை யாருது?"

ஏணியிலிருந்து இறங்கிய ஓவியன் இளங்கோவன் தோளைக் குலுக்கினான். "அன்பு மேடம். பார்க்கிறவங்க மனசு இளகணும்ல?"

"இரக்கத்துக்கா ஊர்வலம் போறோம்? தனியா வீடு எடுத்து இருக்கணும்னு எங்கண்ணன்கூட ஒரு வருஷமா சண்டை. இன்னிக்கு அவரும் வர்றார். இதைப் பார்த்தா, 'தனியா முடியாதுன்னு உங்க பேனரே சொல்லுது'ன்னு என் வாயை அடைச்சிடுவார். அழிங்க!"

"பேஜார் பண்ணாதீங்க. பத்து வருஷமா பிரஷ் பிடிக்கிறேன். ஒருத்தரும் திருத்தம் சொன்னதில்ல."

"நான் சொல்றேன்..."

சாரலில் நனைந்த இமைகளோடு முறைத்தாள். அந்தக் கண்களுக்குக் கோபம் வேறு இத்தனை பொருந்தியிருக்க வேண்டாம் என்று நினைத்தான் இளங்கோவன்! அப்போதுதான் அவள் படத்துப் பெண்ணின் மோவாயில் இருந்த மச்சத்தைக் கவனித்தாள். விரல் தானாகத் தன் மோவாய்க்குப் போனது.

"இது... நானா?"

அவன் திமிரெல்லாம் எங்கே போனதோ. "தினம் காலையில இந்த வழியா ஆபீஸ் போறீங்க. பேசத் தைரியம் வரல... வரைஞ்சிட்டேன். அந்தக் கை என்னோடது."

நெஞ்சு படபடத்தது. கோபம்தான், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"என்னைத் தள்ளச் சொல்லி யார் கேட்டா?"

"யாரும் கேக்கல. உங்களை நானும் கேக்கல... தப்புதான்."

பெயிண்ட் அழிக்கும் டர்பன்டைனில் துணியை நனைத்தான். ஆசையாய் வரைந்த கையை விரல் விரலாகத் துடைத்தான். பிறகு அந்தப் பெண்ணின் கைகளைச் சக்கரங்களின்மேல் அழுத்தமாக வரைந்தான். யூனிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக யார் யாரோ என்னென்னவோ செய்திருக்கிறார்கள். அவள் சொன்னதைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டவர் யாருமில்லை.

மழை விட்டது. மணி மூன்றே முக்கால்; ஊர்வலத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான்.

"எடுத்துட்டுப் போங்க. இனிமே நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டேன்."

"எப்படிப் போறதாம்? வண்டி ஓட்டவே எனக்கு ரெண்டு கை வேணுமே..."

"அப்போ... நான் கொண்டு வரட்டுமா?"

"கேட்டுட்டீங்கல்ல, வாங்க." கன்னம் சூடேற, அவன் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தை உருட்டினாள். "எங்கண்ணன் யாருன்னு கேட்பார்."

"என்ன சொல்வீங்க?"

சக்கரம் நின்றது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்குப் பிடிச்சவர்னு... சொல்லலாமா?"