நாதஸ்வர வேகம்

மழைதான் அவனைக் கடைக்குள் தள்ளியது.

தமிழ்ச்செல்வன் முழுக்க நனைந்திருந்தான். துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்த ஒன்று மட்டும் நனையவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்தாள்.

"எத்தனை மாசக் குழந்தைங்க?"

அவன் சிரிக்கவில்லை. துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தான். பழைய கார்புரேட்டர்.

"ஓனர் இல்லீங்களா?"

"அப்பா பட்டினச்சேரிக்குப் போட் இன்ஜின் பாக்கப் போயிருக்காரு. நான் இருக்கேன்ல, சொல்லுங்க."

சந்திரா. அமிர்தலிங்கத்தின் மகள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து நான்கு வருடமாக அந்த உதிரிபாகக் கடையைப் பார்த்துக்கொள்கிறாள். அவள் கண்களை அப்போதுதான் பார்த்தான்... பெரிய கண்கள். ஆனால் அவை அவனைப் பார்க்கவில்லை. கார்புரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவனுக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"ஷாஃப்ட் தேஞ்சு ஆடுது பாருங்க. இது வழியா காத்து இழுக்கும். வேறதான் போடணும். என்ன வண்டி?"

சொன்னான். பிரான்சில் இருந்த சித்தப்பா விட்டுப்போன ஸ்போர்ட்ஸ் கார். அறுபதுகளில் செய்தது. இரண்டே சீட். சிவப்பு. கூரையை மடக்கிவிடலாம்.

"பத்து நாள்ல தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு இந்தக் கார்லதான்னு சம்பந்தி வீட்டுல சொல்லிட்டேன். நடுவுல நின்னுச்சுன்னா மானம் போயிடும்."

அவள் உள்ளே போய் இரண்டு கார்புரேட்டர்களை எடுத்து வந்து வைத்தாள். ஒன்று பெரியது, இரண்டு வாய். மற்றது ஏதோ வேனில் இருந்து கழற்றியது. சின்னது.

"இது," என்று அவன் பெரியதைத் தொட்டான்.

"இது," என்று அவள் சின்னதை நகர்த்தினாள்.

"ஸ்போர்ட்ஸ் காருக்கு வேன் கார்புரேட்டரா?"

"மாப்பிள்ளைய ரேஸுக்கா கூட்டிட்டுப் போறீங்க?"

"என் காரப் பத்தி எனக்குத் தெரியுங்க."

"பெரிய வாய்க்கு வேகமா போனாத்தான் மூச்சு சரியா வரும். மெதுவா போனா திணறி நின்னுடும். நாதஸ்வரக்காரர் எவ்வளவு ஸ்பீடுல போவாரு சார்?"

அவன் பெரியதையே வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் மாலை சிவப்புக் கார் கடை வாசலில் உறுமி நின்றது.

"குரும்பகரத்துலேருந்து பறந்து வந்தேன்," என்றான்.

"பறக்குது சரி. நடக்குமா?"

"ஏன் நடக்காது?"

"கடற்கரை ரோட்டுல நான் முன்னால நடக்கிறேன். நாதஸ்வரக்காரர்னு நெனைச்சுக்கங்க. நிக்காம பின்னால வாங்க."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அவள் குடை இல்லாமல் நடந்தாள். அவன் பின்னால் ஓட்டினான். ஈரப் பின்னலைப் பார்த்துக்கொண்டே... இருபது அடி. கார் குலுங்கி நின்றது. அவள் திரும்பவில்லை. நின்றாள். அவன் மறுபடி கிளப்பினான். அவள் நடந்தாள். கார் நின்றது.

ஏழாவது தடவை, அரசலாற்றுப் பக்கம் வலை உதறிக்கொண்டிருந்தவர் குரல் கொடுத்தார்.

"தம்பி, பேசாம ஒரு கயித்தக் கட்டிக்க. அந்தப் பொண்ணே இழுத்துட்டுப் போயிடும்."

சந்திரா சிரித்துவிட்டாள்.

தமிழ்ச்செல்வனின் முகம் கறுத்தது. "கிளட்ச் கோளாறு," என்றான். காரைத் திருப்பினான். கார் பறந்தது. அவள் ஈரச் சாலையில் தனியாக நின்றாள்.

மறுநாள் மெக்கானிக் தங்கப்பன் கடைக்கு வந்தார்.

"செல்வன் தம்பி அந்தச் சின்னதக் கேட்டுச்சும்மா."

"அவர் வரலையா?"

"வேலையா இருக்காப்ல." அவர் காலண்டரைப் பார்த்தபடி சொன்னார்.

அவள் கார்புரேட்டரைத் துடைத்து, அது காரில் பொருந்த அடியில் வைக்க ஒரு தகடும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாள். சிரித்திருக்கக் கூடாது என்று நினைத்தாள். வந்திருந்தால் சொல்லியிருக்கலாம்... ஒரு வாரம், வாசலில் எந்த வண்டி நின்றாலும் எட்டிப் பார்த்தாள். எல்லாம் மீன் வண்டி.

பத்தாம் நாள் மாலை தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. அவள் கடைப் படியில் வந்து நின்றாள்.

முன்னால் நாதஸ்வரம், தவில். பின்னால் சிவப்புக் கார். மாலையோடு மாப்பிள்ளை மணிபாரதி. பட்டு வேட்டியில் தமிழ்ச்செல்வன் ஓட்டிக்கொண்டிருந்தான். கார் குலுங்கவில்லை. நாதஸ்வரக்காரர் நடந்தால் நடந்தது. நின்றால் இன்ஜின் அணையாமல் நின்றது. நல்லாத்தான் ஓடுது, என்று நினைத்தாள். இனி அவன் வர ஒரு காரணமும் இல்லை.

கடைக்கு நேர் எதிரே இன்ஜின் நின்றுபோனது.

மேளம் பத்தடி தள்ளிப் போய்விட்டது.

"என்ன மச்சான், தள்ளணுமா?" என்றான் மணிபாரதி.

அவள் படி இறங்கி ஓடினாள். "திணறுச்சா? குலுங்குச்சா?"

"இல்ல." தமிழ்ச்செல்வன் சாவியைக் காட்டினான். "நான்தான் நிறுத்துனேன்."

"ஏன்?"

"தாண்டிப் போக முடியல." அவன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அன்னிக்குக் கிளட்ச்ல கோளாறு இல்ல. எனக்கு வீம்பு. தங்கப்பண்ணன அனுப்புனதும் வீம்புதான். உங்க கண்ணப் பாத்துச் சொல்ல தைரியம் வரல... இப்பவும் இல்ல. ஆனா உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு."

"நான் வேணா எறங்கி நடக்கட்டுமா?" என்றான் மணிபாரதி.

சந்திரா காரின் கதவில் கை வைத்தாள். குரல் தாழ்ந்தது.

"நான் பாத்துக் குடுத்த கார்புரேட்டர். அது நின்னா எனக்குத்தான் அவமானம். இருந்தும் ஒரு வாரமா... எங்க கடைகிட்டயாவது நின்னுடாதான்னு இருந்துச்சு."

அவன் நிமிர்ந்தான். இந்தத் தடவை அந்தக் கண்கள் அவனைத்தான் பார்த்தன.

"ஸ்டார்ட் பண்ணுங்க," என்றாள். "மேளம் போகுது."

சாவியின் முதல் திருப்பிலேயே கார் கிளம்பியது.

அவள் கடைப்பக்கம் திரும்பினாள். மேளம் கேட்டு அமிர்தலிங்கமும் படிக்கு வந்திருந்தார். "அப்பா, கொஞ்சம் பாத்துக்கங்க. மண்டபம் வரைக்கும் போயிட்டு வரேன்."

"என்னத்துக்கும்மா?"

"வண்டி நிக்குதான்னு பாக்க."

அவள் முன்னால் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. மண்டபம் வரை கார் ஒரு தடவைகூட நிற்கவில்லை.