ஏழு கடிதங்களின் மேலுறை

ஹொனோரியா சீமாட்டியின் கூந்தல் கோபுரம் வண்டிக் கதவில் இடித்துப் பாதி சரிந்திருந்தது. அதை நிமிர்த்தக்கூடத் தோன்றாமல் அவள் உள்ளே வருவதைப் பார்த்ததும், விஷயம் பெரிது என்று டார்கஸுக்குப் புரிந்துவிட்டது. டார்கஸின் அண்ணன் யோசையா பெல், ஓய்வுபெற்ற நீதிபதி, நிதானமாகத் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"யாரோ எனக்குக் காதல் கடிதம் எழுதறாங்க, ஐயா. ஏழு வந்தாச்சு. யாருன்னு சத்தியமா தெரியாது. மாமியார் கையில சிக்கிடுச்சு. நாளைக்கு என் வீட்டுக்காரர் லண்டன்லேருந்து வந்ததும் அவர்கிட்ட சொல்லி, கோர்ட்ல பிரிச்சு வெச்சுடுவாங்களாம். அப்புறம் என் பொண்ணு அவங்களோட. நாலு வயசுதான் அவளுக்கு."

"அவர் வீட்ல இருக்கறப்போ கடிதம் வருமா?"

"வராது. பார்லிமென்டுக்குப் போனாத்தான் வரும். அதைத்தான் மாமியார் பிடிச்சுக்கிட்டாங்க."

பெல் கடிதங்களைப் புரட்டினார். கோணல் எழுத்து. ஒன்றில், சீமாட்டியின் முகப்பூச்சுக்கு அடியில் மூக்கின் மேல் இருக்கும் ஏழு மச்சப் புள்ளிகளைப் புகழ்ந்து ஏழு வரி.

"தபால் கூலி யார் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கலையே. அழுக்கு உறை என் கையில படக்கூடாதுன்னு பட்லர் டிராண்டர் மேலுறையை எரிச்சுட்டு, கடிதத்தை வெள்ளித் தட்டுல கொண்டுவருவார்."

அவள் போனதும் டார்கஸ் துள்ளினாள். "அண்ணா, அந்த கேப்டன் லவல்தான்! நடன விருந்துல இவங்களையே முழிச்சுப் பாத்தான்."

"அவனா? அவன் எழுதினா கூலி கடிதம் வாங்கறவங்க தலையில விழுமே."

மறுநாள் வெக்ஸ்கோம் மாளிகையின் கூடத்தில் மூதாதையர் படங்களுக்குக் கீழே எல்லோரும் கூடினார்கள். மாமியார் அகஸ்டா சீமாட்டி விசிறியை நீதிபதியின் சுத்தியல் போலப் பிடித்திருந்தார். பயணப் புழுதி போகாமல் நின்ற அவர் மகன் வெக்ஸ்கோம் பிரபு, மேசைமேல் கடிதங்களைக் கண்டதும் காலைச் செருப்பு கடிப்பதுபோல நெளிந்தார்.

"தபால் வாங்கறவங்கதான் கூலி கொடுக்கணும்" என்றார் பெல். "பார்லிமென்ட்ல உக்கார்றவர் உறைமேல கையெழுத்துப் போட்டா மட்டும் இலவசம். கேப்டனால முடியாது. கூலி கேட்காம ஏழு கடிதம் வந்திருக்கு. டிராண்டர், உறைமேல யார் கையெழுத்து?"

"எஜமானோடது, ஐயா."

"ஏன்யா இத்தனை நாளா சொல்லலை?" என்று கத்தினாள் டார்கஸ்.

"யாரும் கேட்கலைம்மா."

"உள்ளே எழுத்தைக் கோணலாக்கினார்" என்றார் பெல், "வெளியே பழக்க தோஷத்துல கையெழுத்துப் போட்டுட்டார். தபாலுக்குக் கூலி உண்டுங்கறதே அவருக்குத் தெரியாது. பூச்சில்லாத மூக்கைப் பார்த்தவரும் அவர்தான்."

பிரபுவின் முகம், பொய்முடியின் வெள்ளைப் பொடிக்குக் கீழே, பீட்ரூட்டாகச் சிவந்தது. "பொண்டாட்டிகிட்ட மயங்கிக் கிடக்கேன்னு கிளப்ல தெரிஞ்சா தலைகாட்ட முடியுமா? எல்லாரும் அடுத்தவன் பொண்டாட்டிக்குத்தான் எழுதறாங்க! நேர்ல சொல்லவும் கூச்சமா இருந்தது. அம்மா, இதுக்காக இவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

"சொந்தப் பெண்டாட்டிக்கா!" அகஸ்டா சீமாட்டி நாற்காலியில் சாய்ந்தார். "இருநூறு வருஷமா நம்ம வம்சத்துல இப்படி ஒரு அசிங்கம் நடந்ததில்லை. கள்ளக்காதலா இருந்திருந்தா வெளியிலயாவது சொல்லிக்கலாம்!"

ஹொனோரியா தையல் பெட்டியிலிருந்து ஏழு மடித்த தாள்களை எடுத்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் பதில் எழுதி வெச்சேன். விலாசம் இல்லாம அனுப்ப முடியலை."

பிரபு பிரித்தார். ஏழிலும் ஒரே வாசகம்: 'ஐயா, நாகரிகக் குறைவுதான், மன்னிக்கவும். நான் என் கணவரை நேசிக்கிறேன். இனி எழுத வேண்டாம்.'

அவர் இரண்டு முறை படித்தார். பிறகு பட்லரைப் பார்த்தார்.

"டிராண்டர், எனக்கு வந்த இந்த ஏழு கடிதத்துக்கு நான் கொடுக்கவேண்டிய தபால் கூலி எவ்வளவு?"